மீந்ததை உண்ணும் உயிர்

1994ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் அப்ரினி, நாவோ, நின்ஸ் என்னும் ஆய்வாளர் மூவர், முயற்புழுக்கையிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜீனம். பெயரின் முற்பாதி, நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பிற்பாதிக்குத் தானே எத்தனால் ஆக்குவது என்பது பொருள். இந்த உயிரின் உணவு கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கியவர்களை விடியுமுன் கொன்றுவிடும் அதே வளிதான். நம் குருதியில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தை இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது பற்றிக்கொள்கிறது. முயலின் குடலில் வாழ்ந்த இந்தக் கதிர் வடிவ உயிரோ அதை உண்டு சாராயம் தருகிறது. ஆக்சிஜன் பட்டால் மடிந்துபோகிறது.

இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இவ்வுயிரோடு உறவு ஏற்பட்டது ஒரு சொல்லால். நுண்ணுயிரியல் துறை நண்பர் ஒருவர் மாணவர்களுக்காகக் கலைச்சொற்பட்டியல் தொகுத்துக்கொண்டிருந்தார். ‘காஸ் ஃபெர்மென்டேஷன்’ என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டார். ‘வளிம நொதித்தல்’ என எழுதிக் கொடுத்தோம். எழுதிய பிறகுதான் அச்சொற்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்ட மறுப்பதை உணர்ந்தோம். நொதித்தல் என்றதும் நம் நினைவில் எழுவன இட்லி மாவு, பழையசோறு, தயிர், கள். அவை அனைத்திலும் அரிசியோ உளுந்தோ பாலோ பதநீரோ கண்ணுக்குத் தெரியும்படி இருந்து, பொங்கி, புளிக்கிறது. இங்கே பானையும் இல்லை, பண்டமும் இல்லை, வெறும் வளி. வெறும் வளி எப்படிப் புளிக்கும்? பொருள் விளங்காமல் சொல்லைக் கையளிக்க மனம் ஒப்பவில்லை. பல மாதங்கள், நண்பரின் துணையோடு, நமக்குப் பழக்கமில்லாத நூல்களையும் கட்டுரைகளையும் படித்தோம். படித்ததில் நெஞ்சில் நின்றவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

காற்றிலுள்ள கார்பனைப் பிடித்து உடலாக்கிக்கொள்ளும் ஆற்றல் பசுந்தாவரங்களுக்கும் மிகச் சில நுண்ணுயிர்களுக்கும் மட்டுமே உண்டு என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1930களின் நடுவில் அமெரிக்காவின் அயோவாவில் ஹார்லண்ட் வுட் என்னும் இளைஞர், தம் ஆசிரியர் வொர்க்மனோடு சேர்ந்து, பிற பொருள்களை உண்டு வாழும் ஒரு சாதாரண நுண்ணுயிரும் கார்பன் டை ஆக்சைடைத் தன்னுள் சேர்த்துக்கொள்வதைக் கண்டார். பின்னாளில் வுட்டும் அவரிடம் பணிக்கு வந்த லார்ஸ் யுங்டாலும் பல பதிற்றாண்டுகள் உழைத்து ஒரு வழித்தடத்தைத் துலக்கினர். இன்று அது அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் சாரம் எளியது. ஒரு கார்பன் அணு உள்ள இரு சிறு துணுக்குகள் இரு கிளைகளின் வழியே தனித்தனியே வந்து ஓரிடத்தில் ஒட்டுகின்றன. இரு கார்பன் உள்ள அசிட்டைல் தொகுதி பிறக்கிறது. அதிலிருந்து காடியின் புளிப்பான அசிட்டிக் அமிலம் வரும், எத்தனால் வரும், அந்த உயிரின் உடல் முழுவதும் வரும். உலகில் உயிர் தோன்றிய தொடக்க நாள்களிலேயே இந்த வழி இருந்திருக்கக்கூடும் என அறிஞர் பலர் கருதுகின்றனர். ஒளி வேண்டாம், இலை வேண்டாம், சர்க்கரை வேண்டாம்.

இந்த ஆய்வின் வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்த்தது ஒரு குழாய். 1936இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வீரிங்கா என்பவர், ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் மட்டும் கொண்டு அசிட்டிக் அமிலம் ஆக்கும் நுண்ணுயிர் ஒன்றை முதன்முதலாக விவரித்தார். கிளாஸ்ட்ரிடியம் அசெட்டிக்கம் என்று பெயர். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குப் பின் அவ்வுயிர் தொலைந்துபோனது. எந்த ஆய்வகத்திலும் உயிரோடு இல்லை. அறிஞர்கள் வேறு வழியின்றி, 1942இல் குதிரைச் சாணத்திலிருந்து பிரித்த அதன் உறவினம் ஒன்றை வைத்தே ஆராய்ச்சியைத் தொடர்ந்தனர். வுட்டும் யுங்டாலும் வழித்தடத்தைக் கண்டது இந்தச் சாணத்து உயிரில்தான். பெயர் மட்டும் எஞ்சிய அந்தப் பழைய உயிர், 1980களின் தொடக்கத்தில் திரும்பி வந்தது. கலிபோர்னியாவில் பார்க்கர் என்னும் பேராசிரியரின் ஆய்வகத்தில் அதன் வித்துகள் உலர்ந்த நிலையில் ஒரு குழாயில் இருந்தன. ஜெர்மனியின் காட்ஷால்க் குழுவினர் அவற்றை நீரும் உணவும் தந்து எழுப்பினர். நெடுங்காலம் உறங்கிய உயிர் விழித்துக்கொண்டது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் கதையை ஆண்டுதோறும் பாடமாக நடத்தும் நமக்கு, அந்தக் குழாயைக் குப்பையில் போடாமல் வைத்திருந்த பெயர் தெரியாத கையின் மேல் பெரும் மதிப்பு உண்டாயிற்று.

*

இனி எஃகாலைக்கு வருவோம். இரும்புத் தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க நிலக்கரியிலிருந்து செய்த கல்கரி வேண்டும். அது தாதின் ஆக்சிஜனைக் கவர்ந்துகொண்டு கார்பன் மோனாக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். ஊதுலையின் வளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு இருக்கும். எஃகு காய்ச்சும் உலையில் பாதிக்கு மேலும் இருக்கும். ஆலைகள் இந்த வளியை எரித்து வெப்பமும் மின்சாரமும் எடுக்கும். எஞ்சியதை வெளியே சுடராக எரித்துவிடும். எப்படி எரித்தாலும் முடிவில் அது கார்பன் டை ஆக்சைடாக வானம் ஏறும்.

2005இல் நியூசிலாந்தில் ஷான் சிம்ப்சன், ரிச்சர்டு ஃபார்ஸ்டர் என்னும் இருவர் தொடங்கிய லான்சாடெக் நிறுவனம், முயற்புழுக்கையில் கிடைத்த உயிரின் வழித்தோன்றல்களை இந்தப் புகையின் வாயிலில் நிறுத்தியது. 2008இல் அந்நாட்டின் கிளென்புரூக் எஃகாலையில் முன்னோட்டம் நடந்தது. 2018 மே மாதம் சீனத்தின் ஹெபெய் மாகாணத்தில், ஷௌகாங் குழுமத்தின் எஃகாலையை ஒட்டி முதல் வணிக ஆலை இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 46,000 டன் எத்தனால் அதன் கொள்திறன். 2022 டிசம்பரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில், ஆர்சலர்மிட்டல் எஃகாலையில் ஆண்டுக்கு 8 கோடி லிட்டர் கொள்திறனுள்ள ஆலை திறக்கப்பட்டது. முயற்புழுக்கையில் கிடைத்த உயிர், கண்டெடுக்கப்பட்ட நாட்டுக்கே ஆலைத் தொழிலாளியாகத் திரும்பியதைப் போல. நம் நாட்டிலும் பானிப்பத்தில், இந்தியன் ஆயில் சுத்திகரிப்பாலையின் வளியிலிருந்து எத்தனால் எடுக்க இதே முறையில் ஓர் ஆலை நிறுவப்பட்டுள்ளது.

உள்ளே நடப்பது இதுதான். உயரமான எஃகுக் கலத்தில் உப்புகளும் ஊட்டங்களும் கலந்த நீர், நம் உடற்சூட்டளவில், 37 பாகை வெப்பத்தில் இருக்கும். அடியிலிருந்து வளி நுண்குமிழிகளாக எழும். நுண்ணுயிர் குமிழியை நேரே உண்ண முடியாது. நீரில் கரைந்ததை மட்டுமே உண்ணும். கார்பன் மோனாக்சைடோ நீரில் கரைய மிகவும் தயங்கும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 30 மில்லிகிராம்கூடக் கரையாது. ஆகவே குமிழியை எவ்வளவு நுணுக்கமாக உடைப்பது, எவ்வளவு நேரம் நீரில் தங்கவைப்பது என்பதே பொறியாளரின் பெருங்கவலை. உயிருக்குப் பசி இருக்கிறது, உணவும் அருகிலேயே இருக்கிறது, இடையில் ஒரு நீர்ப்படலம் நிற்கிறது. இந்தத் தொழிலில் செலவின் ஒரு பகுதி அந்தப் படலத்தைக் கடப்பதற்கே ஆகிறது.

*

எத்தனால் அவ்வுயிர் இயல்பாகவே தருவது. எத்தனாலிலிருந்து நீரை நீக்கி, துணுக்குகளை நீளமாகக் கோத்து, வானூர்தி எரிபொருள் ஆக்கலாம். 2018 அக்டோபரில் ஆர்லாண்டோவிலிருந்து லண்டனுக்குச் சென்ற பயணியர் வானூர்தி ஒன்று, எஃகாலைப் புகையில் பிறந்த எரிபொருளையும் கலந்துகொண்டு பறந்தது. பாலியெஸ்டர் இழைக்கு வேண்டிய மூலப்பொருளில் ஒரு பகுதியும் இந்த வழியில் கிடைக்கிறது. ஆனால் அவ்வுயிர் அறியாத பொருளை அதனிடம் பெற வேண்டுமானால் அதன் மரபணுவில் கைவைக்க வேண்டும். அங்கேதான் ஒரு பெருந்தடை.

சர்க்கரையை நொதிக்கும் ஈஸ்ட்டுக்கு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஏடிபி என்னும் ஆற்றல் நாணயம் இரண்டு கிடைக்கும். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டு அசிட்டிக் அமிலம் ஆக்கும் உயிர்களுக்கு, அமிலத்தின் ஒரு மூலக்கூறுக்கு அந்த நாணயம் ஒன்றுகூட முழுமையாகக் கிடைப்பதில்லை. வழித்தடத்தின் தொடக்கத்தில் ஒன்றைச் செலவிட்டு முடிவில் ஒன்றை மீட்கின்றன. வரவும் செலவும் சரியாகிவிடும். தம் உறையின் இருபுறமும் அயனி ஏற்றத்தாழ்வை உண்டாக்கி, அதிலிருந்து பெறும் சில்லறையில்தான் பிழைப்பு நடக்கிறது. கார்பன் மோனாக்சைடு கிடைத்தால் நிலை சற்று மேம்படும். செல்வம் என்று சொல்ல முடியாது. அன்றாடங்காய்ச்சியின் வீட்டில் விருந்துக்குச் சொல்லியனுப்ப முடியாது. நீண்ட, ஆற்றல் விழுங்கும் வழிகளை இந்த உயிரின் மேல் ஏற்றினால் ஒன்று அது நலியும், அல்லது நாம் புகுத்திய மரபணுவை உதறிவிடும். எனவே அதன் குடும்ப வரவுசெலவோடு ஒத்துப்போகும் பொருளைத்தான் கேட்க வேண்டும். அவ்வாறு ஒத்துப்போவதாகக் கண்ட பொருள்களில் ஒன்று அசிட்டோன். அவ்வுயிரிடம் ஏற்கெனவே புழங்கும் அசிட்டேட்டையே அது மூலப்பொருளாக எடுத்துக்கொள்கிறது.

அசிட்டோனுக்கு ஒரு பழைய கதை உண்டு. முதல் உலகப்போரில் பிரிட்டனுக்குக் கார்டைட் என்னும் புகையில்லா வெடிமருந்து வேண்டியிருந்தது. நீலகிரி அரவங்காட்டில் 1904இல் தொடங்கிய தொழிற்சாலையின் பெயரில் நாம் அறிந்திருக்கும் அதே கார்டைட். அதைப் பிசைந்து உருவாக்க அசிட்டோன் தேவை. அக்காலத்தில் மரத்தை வாட்டி எடுத்த அசிட்டோன் போதவில்லை. மான்செஸ்டரில் வேதியியல் கற்பித்த கைம் வைஸ்மன், மாவுப்பொருளிலிருந்து அசிட்டோனும் பியூட்டனாலும் தரும் ஒரு கிளாஸ்ட்ரிடியத்தைக் கண்டறிந்திருந்தார். சாராய ஆலைகள் அசிட்டோன் ஆலைகளாக மாறின. மக்காச்சோளம் ஏற்றிவந்த கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கத் தொடங்கியதும், 1917இல் பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகள் ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தடிகளில் கொட்டை பொறுக்க அனுப்பப்பட்டனர். எதற்கு என்பது பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. கிங்ஸ் லின் என்னும் ஊரின் ஆலைக்கு அவை போய்ச் சேர்ந்தன. விளைச்சல் மோசமாக இருந்ததால் அந்த முயற்சி சில மாதங்களில் நின்றது. வைஸ்மன் 1949இல் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார்.

போர் முடிந்தும் அந்தத் தொழில் பல நாடுகளில் செழித்தது. பிறகு பெட்ரோலியத்திலிருந்து அசிட்டோன் மலிவாக வந்ததும் ஒவ்வோர் ஆலையாக மூடப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் நகரில் கரும்பாலைக் கழிவுப்பாகை நொதித்துவந்த ஆலை 1980களின் தொடக்கம்வரை தாக்குப்பிடித்து ஓய்ந்தது. நுண்ணுயிர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. எண்ணெயின் விலை அவற்றை வேலையை விட்டு அனுப்பியது. எனினும் அங்கும் பிற இடங்களிலும் உழைத்த வகைகளை டேவிட் ஜோன்ஸ் என்னும் நுண்ணுயிரியலாளர் தொகுத்துக் காத்துவைத்தார். விலை போகாத தொழிலின் விலை போகாத உயிர்கள், குப்பிகளில் உறங்கின.

2022இல் லான்சாடெக் ஆய்வாளர்களும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜுவெட் குழுவினரும் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளியிட்ட கட்டுரை, இந்தக் குப்பிகளைத் திறந்ததன் கதை. பழைய ஆலை வகைகளின் மரபணுத் தொகுதிகளை வாசித்து, அசிட்டோன் ஆக்கும் நொதிகளில் சிறந்தவற்றைத் தேர்ந்து, புகை உண்ணும் உயிருக்குள் சேர்த்தனர். வேண்டாத வழிகளைத் தரும் மரபணுக்களை நீக்கினர். மெதுவாக வளரும் உயிரில் ஒவ்வொன்றையும் சோதித்தால் காலம் போதாது என்பதால், உயிரை உடைத்தெடுத்த சாற்றில் முதலில் நொதிகளைக் கூட்டிப்பார்த்துத் தெளிந்தனர். 120 லிட்டர் கலத்தில் முன்னோட்டம் நடந்தது. அசிட்டோனை ஐசோபுரோப்பனாலாக மாற்றும் நொதி அந்த உயிரிடம் முன்பே உண்டு. அதை விட்டுவைத்தால் ஒன்றும், நீக்கினால் மற்றொன்றும் கிடைக்கும். கணக்கிட்டுப் பார்த்ததில், இம்முறையில் ஒரு கிலோ அசிட்டோன் ஆக்கும்போது 1.78 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான கார்பன் உள்ளே பிடிபடுகிறது என்றது கட்டுரை. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கிய கொட்டையை உண்டு வெடிமருந்துக்கு உழைத்த குலத்தின் நொதிகள், மூடிய ஆலையின் குப்பிகளில் கிடந்து, முயற்குடலின் உயிரில் குடியேறிப் புகையை மாற்றுகின்றன.

*

இந்த வியப்பில் மயங்கி நிற்பது எளிது. நம் கல்லூரியின் வாசகர் வட்டத்தில் நண்பர் இதைப் பற்றிப் பேசியபோது, இளங்கலை மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “ஐயா, சாராயமாக்கிவிட்டால் புகையின் பாவம் தீர்ந்துவிடுமா?” அரங்கில் சிரிப்பு எழுந்தது. கேள்வி சிரிப்புக்குரியதன்று. நாம் அதன்பின் படித்தவையெல்லாம் அவள் கேள்விக்கு விடை தேடியே.

கணக்கை நேராகப் பார்ப்போம். கார்பன் மோனாக்சைடு மட்டும் உணவானால், ஆறு மூலக்கூறுகளை மூன்று நீர் மூலக்கூறுகளோடு சேர்த்து உண்டு, ஒரு எத்தனாலையும் நான்கு கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது அந்த உயிர். ஆறு கார்பனில் இரண்டு எத்தனாலுக்கு, நான்கு வானத்துக்கு. ஹைட்ரஜன் போதிய அளவு உடனிருந்தால் எல்லாக் கார்பனையும் பொருளாக்கலாம். ஆனால் அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது, அதைப் பிரிக்கச் செலவிட்ட மின்சாரம் எதில் பிறந்தது என்ற கேள்விகள் பின்தொடரும். எத்தனாலையோ அதிலிருந்து வந்த எரிபொருளையோ எரித்தால் அந்த இரு கார்பனும் வானேறும். ஆக, இது புகையை ஒழிப்பதில்லை. நிலத்தடியிலிருந்து எடுத்த கார்பனை ஒரு முறைக்கு இரண்டு முறை வேலை வாங்குகிறது. அந்த இரண்டாம் வேலை, வேறொரு கிணற்றிலிருந்து எண்ணெய் எடுக்கும் தேவையைக் குறைத்தால்தான் பயன். சிறிய பயன் என்று தள்ளவும் வேண்டாம். பாவநிவர்த்தி என்று பாடவும் வேண்டாம்.

தோல்விகளும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. கோழிப்பண்ணைக் கழிவில் கிடைத்து, யுங்டாலின் பெயரையே தாங்கிய ஓர் உயிரைக் கொண்டு அமெரிக்காவின் ஆர்கன்சாவில் வளர்ந்த தொழில்நுட்பத்தை இனியோஸ் நிறுவனம் வாங்கியது. ஃபுளோரிடாவின் வீரோ பீச்சில் ஆலை எழுப்பி, தாவரக் கழிவை வளியாக்கி நொதிக்க முயன்றது. 2013இல் உற்பத்தி தொடங்கியதாக அறிவிப்பு வந்தது. வளியோடு சிறிதளவு கலந்து வந்த ஹைட்ரஜன் சயனைடு நுண்ணுயிர்களுக்கு நஞ்சானது. 2016இல் நிறுவனம் ஆலையை விற்க முன்வந்தது. கார்பன் மோனாக்சைடை விருந்தாக உண்பதற்கும் ஒரு நஞ்சு உண்டு. லான்சாடெக்கும் 2023இல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் நுழைந்து, 2025இல் தொடர்ந்து இயங்க முடியுமா என்பதில் பெரும் ஐயம் இருப்பதாகத் தானே தெரிவிக்கும் நிலைக்கு வந்தது. எண்ணெய் மலிவாக இருக்கும்வரை, புகையைப் பொருளாக்கும் எவரும் அதோடு விலையில் போட்டியிட வேண்டும். ஜெர்மிஸ்டனில் நுண்ணுயிர்களை வேலையை விட்டு அனுப்பிய அதே கை இன்னும் வலுவோடுதான் இருக்கிறது.

பொருளியல் துறையில் உள்ள மற்றொரு நண்பர், இது புகைபோக்கிக்கு ஆயுள் நீட்டிப்பு என்கிறார். புகையில் வருவாய் கிடைக்குமானால் எவர் புகையை நிறுத்துவர் என்பது அவர் கேள்வி. நியாயமான அச்சம். நுண்ணுயிரியல் நண்பரோ, எஃகாலைகள் ஒரே நாளில் மாறிவிடப் போவதில்லை, மாறும்வரை எரிந்து வீணாவதை உண்ண ஓர் உயிர் இருப்பது நல்லதுதானே என்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருப்பதாக முடித்துவிட்டால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மாணவிக்கு அப்படி விடை சொல்ல இயலாது. நாம் அவளிடம் சொன்னது இது: தீராது, அம்மா. பாவத்தைத் தீர்ப்பது புகையை நிறுத்துவது ஒன்றுதான். நிறுத்தும்வரை, மீந்ததை வீணாக்காமல் இருப்பது கடன். கடனைப் புண்ணியக் கணக்கில் எழுதக் கூடாது. அவள் அதைக் குறித்துக்கொண்டாள். அது போதுமா என்று கேட்கவில்லை. போதாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

எஃகு ஒரு நாள் நிலக்கரியை விட்டுவிடும் என்றே நம்புகிறோம். ஹைட்ரஜனைக் கொண்டு இரும்பு எடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அவை வென்றால் ஊதுலையும் அதன் வளியும் ஓய்ந்துவிடும். அன்று இந்த உயிர் வேறு உணவு தேட வேண்டும். அதற்கான ஒத்திகையும் தொடங்கியாயிற்று: ஜப்பானில் செக்கிசுயி கெமிக்கல் நிறுவனம், வகை பிரிக்காத ஊர்க்குப்பையை வளியாக்கி அதே நுண்ணுயிரிடம் கொடுத்து எத்தனால் எடுத்ததை 2017இல் அறிவித்தது. குப்பைக்கு உலகில் பஞ்சம் வரப்போவதில்லை. அதற்கும் வழியில்லாமல் போனால், வைஸ்மனின் உயிர்களுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரலாம். ஆலைகள் மூடப்படும். அப்போதும் யாரோ ஒருவர், எவ்வித வருவாயும் இல்லையென்று தெரிந்தே, ஒரு குப்பியில் சில வித்துகளை உறையவைத்து, மேலே பெயரும் நாளும் எழுதி, அடுக்கில் வைக்க வேண்டும்.